மண்ணெண்ணெயும் கிளச்சும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகன் மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றான். "மாமா, கிளச் போயிட்டுது" என்றான். இங்கே லண்டனில் படித்துக்கொண்டே பின்னேரங்களில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறான். 125 சிசி ஹொண்டா ஒன்று வைத்திருக்கிறான். இரண்டு கராஜில் கேட்டானாம். இரண்டிலும் வண்டியை ஓடிக்கூடப் பார்க்காமல், கிளச் முழுவதையும் மாற்றவேண்டும் என்று ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு அவன் இரண்டு கிழமை ஓடவேண்டும்.

"போயிட்டுது எண்டா என்ன செய்யுது?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டேன். "முறுக்கினா சத்தம் மட்டும் ஏறுது மாமா, வண்டி போகுதில்லை."

அப்ப சரி, கிளச்தான். சத்தமும் ஏறவில்லை, வண்டியும் போகவில்லை என்றால் வேறு கதை. இந்தக் கேள்வி என்னுடைய சொந்தச் சரக்கு இல்லை. 1992இல் கோண்டாவிலில் ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த மெக்கானிக் அண்ணை என்னிடம் கேட்ட கேள்வி. அந்தக் காலத்தில் எங்களுடைய மோட்டார் சைக்கிள்கள் எப்படி ஓடின என்று கனநாளாக எழுதவேண்டும் என்றிருந்தேன். மருமகன் வந்து நின்றது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாறி மாறி அடுக்கி, ஸ்பிறிங்கால் இறுக்கி வைத்திருப்பார்கள். இறுக்கம் இருக்கும்வரை தட்டுகள் ஒன்றாகச் சுழலும், எஞ்சினின் பலம் பின்சில்லுக்குப் போகும். இறுக்கம் குறைந்தாலோ தட்டு தேய்ந்தாலோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதைத்தான் கிளச் வழுக்குது என்கிறோம். காரில் கிளச் உலர்ந்த இடத்தில் இருக்கும், ஒயில் பட்டால் கெட்டுப்போகும். மோட்டார் சைக்கிளில் ஒயில்தான் அதன் வீடு. அதனால் ஒயில் கெட்டால் கிளச்சும் கெடும். இனி வரும் கதைக்கு இது ஞாபகத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்தது ஹொண்டா சி 90. அப்பா 1980களின் நடுவில் வாங்கியது. 1977க்குப் பிறகு இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது யப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்தில் சி 50, சி 90, எம்.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 என்று எல்லாவற்றுக்கும் எழுத்தும் இலக்கமும்தான் பெயர். எம்.டி. 90 யப்பானில் தபால்காரருக்கென்று செய்த வண்டி. அது எங்கள் ஊரில் வாத்தியார்மாரையும் விதானைமாரையும் ஏற்றிக்கொண்டு திரிந்தது.

சி 90 உடைய மூதாதை 1958இல் வந்த சுப்பர் கப். அதில் கையால் பிடிக்கிற கிளச் லீவர் கிடையாது. சோபா நூடில்ஸ் கடைப் பொடியன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டத்தை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று நினைத்துச் செய்தார்கள் என்று சொல்வார்கள். (மருமகனும் சாப்பாடுதான் கொண்டு திரிகிறான்.) எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் பாரங்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, தட்டுகளை இறுக்கும். வேகம் குறைந்தால் தானாக விடும். காலால் கியர் மாற்றும்போது அதே மிதி கிளச்சையும் விலக்கும். 2017இல் இந்த வண்டியின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் என்று நினைத்து அதை யாரும் செய்யவில்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அடுத்துப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் என்று தடைப்பட்ட சாமான்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக, விலை ஏறி, வந்துகொண்டிருந்தது. ஜாம் போத்தலுக்குள் திரியை வைத்துப் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதையும் பலர் எழுதிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடியதையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எழுதினவர்கள் குறைவு.

அது தோட்டத்திலிருந்து வந்தது. செம்மண் பக்கத்தில் மிளகாய், வெங்காயம், புகையிலை செய்தவர்களிடம் தண்ணி இறைக்கிற மிசின் இருந்தது. அதைப் பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தடைக்கு வெகுகாலம் முன்பிருந்தே கமக்காரருக்கு இது தினசரி வேலை. இங்கிலாந்திலும் இதே முறை இருந்தது. 1940களின் கடைசியில் வந்த பெர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை பெற்றோலில் தொடங்கி, பிறகு மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவு எண்ணெயில் ஓடும். அதற்கென்று எஞ்சினின் அமுக்கத்தைக் குறைத்தே செய்திருந்தார்கள். எங்கள் சி 90க்கு அப்படி யாரும் செய்து தரவில்லை. மெக்கானிக் அண்ணைதான் தலைப் பக்கிங்கை இரட்டையாகப் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்.

பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருக்கும். காலையில் காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்தால் பிடிக்கும். பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். பிந்தினால் நின்றுவிடும், பெற்றோல் வீண். அப்பா அந்தப் போத்தலைச் சேர்ட் பொக்கற்றில் பேனையோடு வைத்திருப்பார். வகுப்பில் பிள்ளைகள் மணத்துக்குச் சிரிப்பார்களாம்.

இனிக் கிளச்சுக்கு வருகிறேன்.

மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெற்றோலைவிடக் கூடிய வெப்பம் வேண்டும், ஏறக்குறைய 150 பாகைக்கு மேல். குளிர்ந்த எஞ்சினில் அதில் ஒரு பகுதி எரியாமல் திரவமாகவே நிற்கும். அது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகும். புகைக்கரியும் சேரும். சி 90இல் மொத்த ஒயிலே ஒரு லீற்றருக்குக் குறைவு. அந்தக் கொஞ்ச ஒயிலில்தான் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் வாழவேண்டும். நல்ல காலமென்றால் ஒயிலை மாற்றிவிடலாம். அந்தக் காலத்தில் ஒயிலுக்கு எங்கே போவது? மெக்கானிக் அண்ணை கழிவொயிலைப் போத்தல்களில் விட்டு வாரக்கணக்கில் அடைய வைத்து, மேலே தெளிந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, திருப்பி விடுவார். கொட்டில் சுவரோரம் அந்தப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஆமணக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார். முதலாம் உலகப்போர்க் கால விமானங்கள் சில ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின என்பது உண்மைதான். ஆனால் அது சூட்டில் பிசினாகும். அவருடைய கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கழற்றத் தட்டவேண்டி வந்தது.

1992இல் எங்கள் சி 90 இழுக்கவில்லை. அப்பா "கிளச் வழுக்குது" என்றார். எனக்குப் பதினைந்து வயது. வண்டியை உருட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அண்ணை கழற்றவில்லை. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மணல் ஒழுங்கைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது, மணல்தான் எங்களுடைய மலை. கடைசிக் கியரில் போட்டு முறுக்கினார். "தம்பி, சத்தத்தைக் கேள், பிறகு மணிக்கூட்டைப் பார்" என்றார். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை. எஞ்சின் ஈனமாக முக்கியது, அவ்வளவுதான்.

"இது கிளச் இல்லை. எஞ்சினுக்குச் சத்துக் காணாது. கிளச் வழுக்கினா எஞ்சின் கத்தும்."

அந்த நாளில் ஊரில் பாதிப்பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்குப் பலம் குறைவு, கரி கட்டும், சைலன்சர் அடைக்கும், நொக்கிங் அடிக்கும். எல்லாப் பழியும் கிளச்சின் தலையில் விழும். இன்றைக்கென்றால் பிழையாகக் கண்டுபிடித்தால் காசு மட்டும்தான் போகும். அன்றைக்குக் கிளச் மூடியைத் திறந்தால் பக்கிங் கிழியும். கிழிந்தால் புதுப் பக்கிங் இல்லை. தட்டு இல்லை, ஸ்பிறிங் இல்லை. ஓமந்தைக்கு அந்தப் பக்கம் கடையில் தொங்குகிற சாமான் எங்களுக்குக் கிளாலி கடல்நீரேரியைத் தாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால்தான் கிடைக்கும். ஆகவே திறக்க முன் யோசிக்கவேண்டும். அன்று எங்களுக்குக் கரியைச் சுரண்டியதோடு வேலை முடிந்தது.

ஒரு வருசம் கழித்து, 1993இல், உண்மையாகவே எஞ்சின் கத்தத் தொடங்கியது. அப்போதும் அவர் முதலில் மூடியைத் தொடவில்லை. வலப்பக்க மூடியின் வெளியே பூட்டு நட்டோடு ஒரு திருகு இருக்கும். கை லீவர் உள்ள வண்டிகளில் கேபிளைச் சரிசெய்கிற மாதிரி, சி 90இல் இந்தத் திருகு. நட்டை இளக்கி, திருகை மணிக்கூட்டுத் திசையில் ஒரு சுற்று, பிறகு எதிர்த்திசையில் மெதுவாக, கையில் ஒரு தடை தெரியும்வரை. தடை தெரிந்ததும் திரும்ப மணிக்கூட்டுத் திசையில் எட்டில் ஒரு பங்கு சுற்று. நட்டை இறுக்கவேண்டும். இது பிழையாக இருந்தால் கால் எடுத்த பிறகும் கிளச் அரைகுறையாக விலகியே நிற்கும், நல்ல தட்டும் வழுக்கும். எங்களுடையது அதற்கும் மசியவில்லை. அப்ப திறக்கத்தான் வேண்டும்.

கிளச்சைப் பிடிக்கிற நட்டு நாலு வெட்டு உள்ள வட்ட நட்டு. அதற்கென்று தனி ஆயுதம் வேண்டும். அவர் ஒரு இரும்புக் குழாய்த் துண்டின் விளிம்பை அராவி நாலு பல்லாக்கி வைத்திருந்தார். நட்டுக்கு முன்னால் இன்னொரு மூடி. ஒயிலில் உள்ள அழுக்குச் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு அதற்குள்தான் படியும். அதைக் கழற்றி என்னிடம் தந்தார். உள்ளே விரல் மொத்தத்துக்குக் கறுப்புச் சேறு, சவர்க்காரம் மாதிரி வெட்டி எடுக்கக்கூடியதாக இருந்தது. மூன்று வருசம் எரிந்தும் எரியாமலும் போன மண்ணெண்ணெய் அது.

உராய்வுத் தட்டுகள் தேய்ந்து, மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கியது. "தண்ணியான ஒயில் தானா வழுக்காது தம்பி. தேய்க்கும், சூடாக்கும். அதால வழுக்கும்" என்றார். கண்ணாடித் துண்டின்மேல் மண்தாளை விரித்து, தட்டை எட்டுப் போட்டுத் தேய்க்கச் சொன்னார், மினுக்கம் போகும்வரைதான், அதற்குமேல் ஒரு இழுவைகூட இல்லை. இரும்புத் தட்டுகளை அதே கண்ணாடியில் படுத்தி ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம், வளைந்ததா என்று அறிய. தளர்ந்த ஸ்பிறிங்குகளின் கீழ் மெல்லிய வாசர் போட்டார். ஸ்பிறிங்கை இழுத்து நீட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நீட்டின ஸ்பிறிங் இரண்டு நாளில் படுத்துவிடும் என்பார். வாசரும் மொத்தமானால் கிளச் விலகாது, கியர் விழாது. பக்கிங்குக்கு அப்பாவின் பழைய பைல் மட்டை. மூடியின்மேல் மட்டையை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்ட, மட்டை அச்சாக வெட்டுப்படும். தட்டுகளை ஒயிலில் நனைத்துப் பூட்டினார்.

வண்டி ஓடியது. ஆனால் போகும்போது அவர் அப்பாவிடம் ஒன்று சொன்னார். "மாஸ்டர், தட்டில இனி அவ்வளவா மிச்சமில்லை. ஓடுங்கோ, ஆனா ஊராதையுங்கோ. ஊரிற நேரம்தான் இது அரைவாசிப் பிடிபட்டு எரியும். ஊரவேண்டி வந்தா நிப்பாட்டிப்போட்டு உருட்டுங்கோ."

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்று. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் எங்கட சனத்தின்ரை கெட்டித்தனத்தைப் பார் என்று பெருமைப்படுவதுதான் இங்கே வழக்கம். விழாக்களில் மேடையிலும் சொல்கிறார்கள். கெட்டித்தனம் உண்மை, நான் கண்ணால் கண்டேன். ஆனால் அந்தக் கெட்டித்தனம் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தது என்று கேட்கிறார்களில்லை. 1977க்கும் 1990க்கும் இடையில் வந்த இரும்பைத்தான் சாப்பிட்டது. புதிதாக ஒன்றும் உள்ளே வரவில்லை. ஒரு வண்டி ஓட இன்னொரு வண்டி அக்கக்காகக் கழன்றது. ஒவ்வொரு முறை மண்தாளில் தேய்க்கும்போதும் தட்டு இன்னும் மெலிந்ததுதான், தடிக்கவில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் இருமினவர்களும் இருக்கிறார்கள். மெக்கானிக் அண்ணையே மழைக்காலத்தில் இரவிரவாக இருமுவார். தடையைச் சமாளித்தோம் என்று சொல்லலாம். தடை எங்களைத் தேய்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் அதைப் பெருமையாக ஒருநாளும் சொன்னதில்லை. "நல்ல தட்டு ரெண்டு கிடைச்சா இந்தக் கூத்து ஒண்டும் தேவையில்லை" என்பதுதான் அவர் கதை.

1995 ஜனவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. தட்டு வாங்கலாம் என்று அப்பா காத்திருந்தார். ஏப்ரலில் அது முடிந்தது. ஒக்ரோபரில் ரிவிரெச என்ற பெயரில் இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறத் தொடங்கியது. 30ஆம் திகதி, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சி 90 பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. பின் சீற்றில் அம்மம்மா, கரியரில் அரிசி, உடுப்பு, காணி உறுதிகள். நாங்கள் மற்றவர்கள் சைக்கிளிலும் நடையிலும். நல்லூர் தாண்டும்வரை அப்பா ஓடினார். செம்மணி றோட்டில் ஏறியதும் சனம். நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரே தலைகள், மழை வேறு. நடக்கிற வேகமும் இல்லை, ஒரு அடி வைத்து நிற்கிற வேகம். முன்னாலும் பின்னாலும் மோட்டார் சைக்கிள்கள் முதல் கியரில் முறுக்கி முறுக்கி ஊர்ந்தன. மண்ணெண்ணெய்ப் புகை மழையில் மேலே போகாமல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வண்டியும் கத்தத் தொடங்கியது. எனக்கு உடனே தெரிந்தது. சத்தம் ஏறுகிறது, வண்டி அசைகிறதில்லை.

அப்பாவுக்கும் தெரிந்தது. எஞ்சினை நிற்பாட்டினார். அம்மம்மாவை இறக்கவில்லை. அவர் ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள, அம்மம்மா சீற்றில் இருந்தபடி கந்தசஷ்டி கவசம் முணுமுணுக்க, விடிய விடிய உருட்டினோம். பக்கத்தில் ஒருவர் "மாஸ்டர், எண்ணெய் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டும்போது ஓரத்தில் கைவிட்ட மோட்டார் சைக்கிள்கள் சரிந்து கிடந்தன. அவற்றில் எத்தனை கிளச் எரிந்து நின்றவை என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

கைதடி தாண்டி றோட்டு இளகியதும் அப்பா மருந்துப் போத்தலை எடுத்தார். மூன்றாவது உதைக்குப் பிடித்தது. கிளச் ஆறியிருந்தது, பிடித்தது. மீசாலைக்கு அம்மம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அப்பா திரும்பி வந்து, நடக்க ஏலாத இன்னும் நாலு பேரை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனார்.

மெக்கானிக் அண்ணையை அதற்குப் பிறகு நான் காணவில்லை. 1996இல் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டாரும் திரும்பினார்கள். கொட்டில் இருந்த இடத்தில் கூரையும் இல்லை, போத்தல்களும் இல்லை என்று அம்மா எழுதியிருந்தா.

சரி, மருமகனின் வண்டி. மூன்றாம் கியரில் போட்டு, பின் பிரேக்கை அமத்திக்கொண்டு கிளச்சை மெல்ல விடச் சொன்னேன். நல்ல கிளச் என்றால் எஞ்சின் அடங்கி நிற்கவேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. லீவரைப் பார்த்தேன். நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடவேண்டும். இவனுடையது துளியும் ஆடவில்லை. வழுக்கத் தொடங்கியதும் இவனே கேபிளை இறுக்கியிருக்கிறான். இறுக்கினால் கிளச் இறுகும் என்று நினைப்பு, நடப்பது எதிர்மாறு. அதை இளக்கினதும் பாதி வருத்தம் போனது. மற்றப் பாதிக்கு "என்ன ஒயில் விட்டனி?" என்று கேட்டேன். சுப்பர் மார்க்கற்றில் மலிவாகக் கிடைத்த கார் ஒயிலாம், எரிபொருள் மிச்சம் பிடிக்கிறது என்று போத்தலில் போட்டிருந்ததாம். அந்த வகை ஒயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்ப்பார்கள். காருக்கு நல்லது. ஒயிலுக்குள் ஊறுகிற கிளச்சுக்கு ஆகாது. இதற்காகத்தான் 1990களின் கடைசியில் யப்பான்காரர் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ எம்.ஏ. என்று ஒரு தரம் வகுத்தார்கள். போத்தலின் பின்பக்கத்தில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். எம்.பி. என்றிருந்தால் அது உராய்வு குறைந்தது, ஸ்கூட்டர்களுக்கு.

ஒயிலை வடித்து, எம்.ஏ. ஒயில் விட்டோம். இரண்டு நாள் ஓடியபின் அதையும் வடித்துத் திரும்ப விட்டோம், பழையது தட்டுகளுக்குள் ஊறியிருக்கும் என்பதால். தட்டு மினுக்கம் கண்டிருந்தால் இதனாலும் சரிவராது, திறக்கத்தான் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். திறக்கத் தேவைப்படவில்லை. கடைசிக் கியரில் ஏற்றத்தில் முறுக்கிப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தான். இரண்டு தரமும் சேர்த்து ஒயிலுக்கு முப்பது பவுணுக்குள்தான் முடிந்தது.

வடித்த ஒயிலை ஒரு பால் போத்தலில் ஊற்றிக் கராஜுக்குள் வைத்திருந்தேன். பத்து நாளாக அங்கேயே நிற்கிறது, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டா. தூக்கிப் பார்த்தேன், மேலே தெளிந்து, அடியில் மெல்லிய கறுப்பாகப் படிந்திருந்தது. சனிக்கிழமை கொண்டுபோய்க் கவுன்சிலின் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.